சிஸ்டர் வேலைக்கு ஆள் எடுத்த ஞாயிறு

ஓடும் வண்டி

புல்மருந்து அடிக்கும் வேலை என்ன ஆயிற்று என்று சில வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். ஒன்றும் ஆகவில்லை. மருந்து பட்டுக் கையில் தோல் உரிந்தது. புதுத் தோல் வருகிற வரை வேறு வேலை பார்க்கலாம் என்று ஒரு சனிக்கிழமை மத்தியானம் தோட்டத்துக்கு முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தேன்.

தோளில் மாவுச் சாக்கில் தைத்த பை. அதில் இரண்டு சட்டை, ஒரு சாரோங், ஒரு மங்குத் தட்டு. இரண்டு கைகளிலும் துணி சுற்றியிருந்ததால் பையைத் தோளை விட்டு இறக்கினால் மறுபடி ஏற்றுவது கஷ்டம். அதனால் உட்காரவும் இல்லை. இரு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை. செம்மண் சாலை வெயிலில் வெந்து, சுட்ட சட்டி மாதிரி வாசம் அடித்தது.

பின்னாலிருந்து ஹாரன் சத்தம். திரும்பினால் ஒரு பழைய வெள்ளை வேன், மாடு நடக்கும் வேகத்தில் வந்தது. ஓட்டியது ஒரு கன்னியாஸ்திரி. ஐம்பது வயது இருக்கும். நல்ல கறுப்பு, நல்ல பருமன், தலையில் வெள்ளை முக்காடு. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "தம்பி, ஓடிவந்து ஏறு. நிறுத்துனா செத்துப்போயிரும்" என்றார்.

எது செத்துப்போகும் என்று எனக்குப் புரியவில்லை. உள்ளே யாரோ சீரியசாகக் கிடக்கிறார்கள் என்று நினைத்து ஓடினேன். கதவைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். அவிழ்த்து, தாவி, பையோடு உள்ளே விழுந்தேன். உள்ளே யாரும் கிடக்கவில்லை. நான்தான் கிடந்தேன்.

"இஞ்சின சொன்னேன்பா. இப்பத்தான் தோட்டத்துல ஆறு பேரு தள்ளி விட்டாங்க. இனி வீட்டு வாசல்லதான் நிக்கும்" என்றார். "பேரு என்ன?"

"சவரிமுத்து, சிஸ்டர்."

"அட, நம்ம ஆளு. பூசைக்குப் போறியா?"

"ஞானஸ்நானம் வாங்குனேன், சிஸ்டர். அதுக்கப்புறம் ஒண்ணும் வாங்கல."

சிரித்ததில் வேன் சாலையின் அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் வந்தது. அவர் பெயர் சிஸ்டர் பெர்னதெத்.

ஆயாக் கொட்டாய் பூசை

நான் கடைசியாகப் பூசை கண்டது சின்ன வயதில், ஆயாக் கொட்டாயில். ரப்பர் பால்மரம் வெட்டப் போகிற அம்மாக்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் கொட்டகை அது. எங்கள் தோட்டத்தில் ஒரு கோயில் கட்டுகிற அளவுக்குக் கிறிஸ்தவர்கள் இல்லை. மாதம் ஒருமுறை சாமியார் மோட்டார் சைக்கிளில் வருவார். பால்மாவு டின்கள் வைக்கும் மேசைதான், டின்களை இறக்கிவிட்டால், பீடம். மேலே கம்பியில் காலித் தொட்டில்கள் தொங்கும். சாமியார் நற்கருணையை உயர்த்தும்போது கை தொட்டிலில் இடிக்கும். தொட்டில் ஆடும். நாங்கள் தொட்டிலைப் பார்த்துக் கும்பிடுவோம்.

பிறகு தோட்டத்துக்கு வீடியோ வந்தது. சனிக்கிழமை ராத்திரி மூன்று படம் பார்த்தவர்கள் ஞாயிறு காலை எழுந்திருக்கவில்லை. சாமியார் பூசையை மத்தியானத்துக்கு மாற்றினார். மத்தியானம் பந்தாட்டம் வந்தது. சாயங்காலத்துக்கு மாற்றினார். அப்போது டிவியில் படம். கடைசியில் அவர் பொறுமை இழந்து, நீங்கள் எப்போதுதான் வருவீர்கள் என்று கேட்டார்.

"நீங்க எந்நேரம் வந்தாலும் சரி, சாமி. சொல்லுங்க, கேசட்ட நிப்பாட்டி வைக்கிறோம்" என்றார் என் அப்பா, மிகுந்த மரியாதையோடு.

அப்படித்தான் நடந்தது. நாங்கள் பூசையில் மண்டியிட்டிருக்கும்போது, பக்கத்து லயத்து வீட்டு டிவிக்குள் கதாநாயகன் ஒரு காலைத் தூக்கியபடி ஆடிக்கொண்டே நின்றான். ஆசீர்வாதம் முடிந்ததும் ஓடிப்போய் அவன் காலை இறக்கிவிட்டோம்.

இதை நான் சொன்னபோது சிஸ்டர் பெர்னதெத் சிரிக்கவில்லை. "உங்க தோட்டத்துல படத்த நிப்பாட்டியாவது வச்சாங்க" என்றார்.

இருபது கட்டில்

விஷயத்தை அவர் வேன் ஓட்டிக்கொண்டே சொன்னார். கோலா சிலாங்கூருக்குச் சற்று வெளியே, ஜெராம் போகும் சாலையில் அவர்களுடைய மடம். இருபது பேர் தங்குவதற்காகக் கட்டியது. இப்போது இருப்பது இரண்டு பேர். ஐந்தாறு வருடமாக ஒரு பெண்கூட சேரவில்லை. கோலாலம்பூரிலிருந்து மதர் வருகிறார், நாளைக்கு. ஒரு பெண்ணாவது சேர வந்திருந்தால் மடம் இருக்கும். இல்லையென்றால் சாவியை வாங்கிக்கொண்டு, இவர்கள் இருவரையும் கூடவே அழைத்துப் போய்விடுவார்.

"கோலாலம்பூர் நல்லதுதானே, சிஸ்டர்" என்றேன்.

"நல்லதுதான். வயசான சிஸ்டருங்க இருக்கிற வீடு. வரிசையா நாற்காலி போட்டிருப்பாங்க. நானும் ஒரு நாற்காலியில உக்காந்து, பக்கத்து நாற்காலி எப்ப காலியாவும்னு பாக்கணும்." ஒரு குழியைச் சுற்றி வேனைத் திருப்பினார். "இருபத்தெட்டு வயசுல இங்க வந்தேன். இந்த ரோட்டுல எத்தன குழி இருக்குன்னு எனக்குத் தெரியும். அங்க என்னா தெரியும்?"

"பிள்ளைங்கள்லாம் எங்க போயிட்டாங்க?"

"எங்க போவாங்க. எலெக்ட்ரானிக் பெக்டரிக்குத்தான். விடியக்காலையில பஸ் வருது, அள்ளிக்கிட்டுப் போவுது. அங்க போனா வெள்ளைக் கோட்டு, தலையில வெள்ளைக் குல்லா, வரிசையா நிக்கணும், பேசக்கூடாது, தல நிமிரக்கூடாது. எல்லாம் எங்க சட்டம்தான். ஆனா அவன் சம்பளம் குடுக்கிறான்."

அதனால் அவரும் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். ஞாயிறு காலை, தேவ அழைத்தல் உள்ள பெண்களுக்கு மடத்தில் ஒரு கூட்டம். நான் விட்டு வந்த தோட்டத்தில்தான், வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் காளிமுத்துவிடம் முந்தின நாளே சொல்லிவிட்டு வந்திருந்தார். காளிமுத்து நம் ஆளில்லை. ஆனால் காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆட்களைப் பிரித்துவிடும் கூட்டத்தில், அவர் சொன்னால் தோட்டம் முழுக்கப் போய்ச் சேரும்.

"சிஸ்டரா வர விருப்பமுள்ள பிள்ளைங்கள அனுப்புங்கன்னு சொன்னேன். சாப்பாடு உண்டான்னு கேட்டாரு, உண்டுன்னேன். தங்க எடம் உண்டான்னாரு, உண்டுன்னேன். வெள்ளை உடுப்பு நாங்களே தைச்சுக் குடுப்போம்னேன். மனுசன் ரொம்ப நல்லா புரிஞ்சுக்கிட்டாரு. எஸ்டேட் லோரியிலயே கொண்டாந்து விடுறேன்னு சொல்லிட்டாரு."

வேன் மடத்து வாசலில் இருந்த மணல்மேட்டில் முட்டி நின்றது. பிரேக் அதுதான்.

சிஸ்டர் ஆக்னஸின் தமிழ்

இரண்டாவது கன்னியாஸ்திரி சிஸ்டர் ஆக்னஸ். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாசிர் பெனம்பாங்கில் மீன்பிடிக்கிற சீனக் குடும்பத்துப் பெண். நாற்பது வயது, ஒல்லி, வேகம். தமிழ் நன்றாகப் பேசுவார். ஆனால் அதைத் தோட்டத்து பாலர் பள்ளியில் சின்னப் பையன்களிடம் கற்றுக்கொண்டார். அதனால் அவருக்கு எல்லோரும் டா.

"யாருடா இது? கை என்னடா ஆச்சு? உக்காருடா."

உட்கார்ந்தேன். துணியைப் பிரித்து, உப்புத் தண்ணீரில் கழுவி, தேங்காயெண்ணெய் தடவினார். நான் கத்தினேன். "கத்தாதடா, தோலு வருண்டா" என்றார். ஒருமுறை பிஷப்பிடம் "இன்னும் கொஞ்சம் மீன் போட்டுக்கடா" என்று சொன்னதாகவும், அவர் போட்டுக்கொண்டதாகவும் சிஸ்டர் பெர்னதெத் சொன்னார்.

கஞ்சியும் வறுத்த கருவாடும் சாப்பிட்டோம். கொடியில் துணி கொஞ்சமாகவே இருந்தது. மலாவாத்தி குன்றுப் பக்கத்துக் குரங்குகள் இவ்வளவு தூரம் வருவதில்லையாம். ஆனால் ஒன்று மட்டும் வழிதவறி வந்து, காய்ந்துகொண்டிருந்த முக்காடு ஒன்றைத் தலையில் போட்டுக்கொண்டு மரத்திலேறி உட்கார்ந்துகொண்டதாம்.

"இந்த வருசம் இந்த மடத்துல உடுப்பு வாங்குன ஒரே ஆளு அதான்" என்றார் சிஸ்டர் பெர்னதெத். கிணற்றடியில் தட்டைக் கழுவிக்கொண்டே, குரலில் மாற்றமில்லாமல் சொன்னார்: "நாங்க ரெண்டு பேரு. ஒருத்தி செத்தா இன்னொருத்தி அடக்கம் பண்ணிருவா. அந்த இன்னொருத்திய யாரு தூக்குறது? அதுக்காவது ஆளு வேணாமா, தம்பி."

எனக்குப் பின்கட்டில் வேனுக்குப் பக்கத்தில் பாய் போட்டுக் கொடுத்தார்கள்.

லோரி வந்தது

ஞாயிறு காலை நான் வாசல் கூட்டிக்கொண்டிருந்தபோது எஸ்டேட் லோரி வந்தது. நின்றபடி, பின்பலகையைப் பிடித்தபடி, லோரி நிறையப் பெண்கள். அத்தனை பேரும் வெள்ளை உடுத்தியிருந்தார்கள். சிலர் பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டை, சிலர் அக்காவின் வெள்ளைச் சேலை, ஒருத்தி தம்பியின் வெள்ளைச் சட்டை. பிளாஸ்டிக் உறையில் சுருட்டிய சர்டிபிகேட். கையில் துணிப்பெட்டி. கூட அம்மாக்கள், நெற்றியில் திருநீறும் குங்குமமும் பளிச்சென்று.

முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் மண்டோர் காளிமுத்து, கல்யாணத்துக்குப் போடும் சப்பாத்து போட்டு உட்கார்ந்திருந்தார்.

சிஸ்டர் பெர்னதெத் வாசலுக்கு வந்தார். பார்த்தார். அப்படியே சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, அங்கேயே முழங்காலில் நின்றுவிட்டார். அந்தப் பருமனுக்கு அவரை எழுப்ப நானும் சிஸ்டர் ஆக்னஸும் சேர வேண்டியிருந்தது.

"நான் கேட்டது ஒண்ணு, ஆண்டவரே" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

மதரின் கார் சரியாக அப்போது வந்தது. மதர் உயரமானவர், மூக்குக் கண்ணாடி, தேய்த்து மடிப்புக் கலையாத வெள்ளை. சாவிகளைப் போட ஒரு பையைக்கூட மறக்காமல் கொண்டுவந்திருந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். கூட்டம் அப்படியேதான் இருந்தது.

"சிஸ்டர் பெர்னதெத், இவர்கள் எல்லோருமா?"

"எல்லாருமே, மதர்" என்றார் அவர். 

நேர்முகம்

கூடத்தில் பெஞ்சு போட்டு உட்கார வைத்தார்கள். நான் காபி எடுத்துக்கொண்டு போனேன். மதர் எழுந்து, நல்ல தமிழில், மெதுவாகக் கேட்டார்: "பிள்ளைகளே, உங்களில் யார் யார் அழைப்பை உணர்ந்து வந்திருக்கிறீர்கள்?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஒருத்தி, "அழைப்பு மண்டோர்தாங்க குடுத்தாரு" என்றாள்.

மதருக்கு அது விளங்கவில்லை. அதற்குள் முன்வரிசையில் ஒரு அம்மா எழுந்துவிட்டார். மாரியாயி அக்கா. பால்மரம் வெட்டுகிறவர், எனக்கு நாலு வீடு தள்ளி இருந்தவர், புருசன் போய்ச் சேர்ந்தபின் தனியாளாக மகளை வளர்த்தவர். மகள் செல்வி பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"நம்ம கேக்குறத கேட்டுருவோம்லா" என்று மற்ற அம்மாக்களிடம் சொல்லிவிட்டு மதரைப் பார்த்தார். "சம்பளம் எவ்வளவுங்க?"

"சம்பளம் கிடையாது" என்றார் மதர்.

"டிரெய்னிங்ல இருக்கும்போதா?"

"எப்போதுமே."

"ஓட்டி?"

"மன்னிக்கவும்?"

"ஓவர்டைம கேக்குறாங்க, மதர்" என்று நான் காபித் தட்டோடு சொன்னேன்.

"இல்லை."

"லீவு?"

"வருடத்தில் சில நாள், பெற்றோரைப் பார்க்க."

"எத்தன வருசம் பாண்டு?"

"சாகும்வரை" என்றார் மதர்.

கூடத்தில் ஒரு சலசலப்பு. ஒரு பெண் சர்டிபிகேட்டை மறுபடி உறைக்குள் போட்டாள்.

"அப்ப கல்யாணம் கட்டுறது?" என்று இன்னொரு அம்மா கேட்டார்.

"எங்கள் மணவாளர் ஆண்டவர்."

மாரியாயி அக்கா சிஸ்டர் பெர்னதெத்தைப் பார்த்தார், சிஸ்டர் ஆக்னஸைப் பார்த்தார், மதரைப் பார்த்தார். "மூணு பேருக்குமா?"

சிஸ்டர் ஆக்னஸ் முகத்தை முக்காட்டால் மூடிக்கொண்டு அடுக்களைக்கு ஓடினார்.

"ஏங்க, எந்த ஆஸ்பத்திரிங்க இது?" என்றார் பின்வரிசை அம்மா ஒருவர். "டவுன் ஆஸ்பத்திரி சிஸ்டருக்கு நல்ல சம்பளம்னு சொன்னாங்களே."

அப்போதுதான் எல்லோருக்கும் ஒன்றாக விளங்கியது. தோட்டத்தில் சிஸ்டர் என்றால் ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ். நெஞ்சில் கடிகாரம் குத்தியிருப்பார். டாக்டரே அவரிடம் கேட்டுத்தான் டீ குடிப்பார். தோட்டத்தில் ஒரு பெண் எட்டக்கூடிய உயரம் அதுதான். காளிமுத்து பெரட்டில் சொன்னதை அவரே எழுந்து நின்று, குற்றமில்லாத முகத்தோடு, அப்படியே திருப்பிச் சொன்னார்: "சிஸ்டர் வேலைக்கு ஆள் எடுக்குறாங்க. சோறு, குவாட்டர்சு, வெள்ளை யூனிபாம் எல்லாம் ப்ரீ. இதுல நான் என்னாங்க தப்பா சொன்னேன்?"

ஒன்றும் தப்பில்லை. ஒவ்வொரு வார்த்தையும் சரி.

மதர் பையிலிருந்து கையை எடுக்காமல், "ஆக, ஒருவரும் இல்லை" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சிஸ்டர் பெர்னதெத் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். காலையில் முழங்காலில் நின்ற இடத்து மண் அவருடைய அங்கியில் இன்னும் ஒட்டியிருந்தது.

மாரியாயி அக்கா பேரம்

எல்லோரும் எழுந்தார்கள். மாரியாயி அக்கா மட்டும் எழவில்லை.

"சரிங்க. சாமி வேல எங்க பிள்ளைங்களுக்கு ஒத்துவராது. தங்குற எடம் மட்டும் குடுங்களேன்" என்றார். "இவ பெக்டரியிலதான் வேல செய்யுறா. விடியக்காலையில செம்பனைக்குள்ள நடந்துபோயி பஸ் ஏறணும். நான் டோர்ச்சும் பாராங்குக் கத்தியுமா கூடப் போறேன். இவள ஏத்திவிட்டு ஓடியாறதுக்குள்ள பெரட்டு முடிஞ்சிருது. இந்த மண்டோரு எனக்கு அரைநாள் போட்டுர்றாரு."

"நேரத்துக்கு வரணும்லா" என்றார் காளிமுத்து, சப்பாத்தைப் பார்த்தபடி.

"நீங்க பேசாதீங்க. அந்த பெக்டரி பஸ்சு, சிஸ்டர், உங்க வாசலத் தாண்டித்தான் கிள்ளானுக்குப் போவுது. பிள்ளைங்க பெட்டியும் எடுத்தாந்துட்டாங்க. சாப்பாட்டுக்குக் குடுத்துருவோம்."

இன்னும் ஐந்தாறு அம்மாக்கள் உட்கார்ந்தார்கள். அவர்கள் மகள்களும் அதே பஸ்தான்.

"அம்மா, இது கன்னியர் மடம். விடுதி அல்ல" என்றார் மதர்.

சிஸ்டர் பெர்னதெத் தலை நிமிர்ந்தார். "மதர், ஒண்ணு சொல்லவா. பிள்ளைங்கள இந்த வீட்டுக்கு அனுப்பு ஆண்டவரேன்னு தெனமும் கேட்டேன். அனுப்பிட்டாரு. எதுக்கு அனுப்பணும்னு நான் சொல்லல. அது என் தப்பு."

"பெர்னதெத், இவர்கள் ஒருவர்கூட நம் சபையில் சேரப் போவதில்லை."

"சேர வேணாம், மதர். ராத்திரிக்கு விளக்க அணைக்கச் சொல்லிக் கத்துறதுக்கு ஆளு இருந்தா எனக்குப் போதும்."

மதர் மாடிக்குப் போனார். சாவிகளை எண்ணப் போகிறார் என்று நினைத்தோம். கொஞ்ச நேரத்தில் இறங்கி வந்தார். முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"மேலே ஒரு பெண் தூங்குகிறாள்" என்றார்.

"அது தனம்ங்க" என்றார் ஒரு அம்மா. "நைட் ஷிப்டு முடிச்சு நேரா லோரி ஏறிட்டா. கட்டிலப் பாத்ததும் படுத்துட்டா போல."

"பன்னிரண்டு வருடம் முன்பு இந்த மடத்தில் இருந்தபோது நான் படுத்த கட்டில்" என்றார் மதர். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். சிஸ்டர் ஆக்னஸ் காபியைக் கையில் கொடுத்து, "குடிடா" என்றார். மதர் குடித்தார்.

ஒரு வருடம் பார்ப்போம் என்பது தீர்ப்பு. ஒரு நிபந்தனையும் உண்டு. பெண்கள் இருட்டில் கேட்டைத் தாண்டி நிற்பதால் ஒரு நம்பகமான ஆண் ஜாகாவாக, அதாவது காவலாளாக, இருக்க வேண்டும்.

எல்லோரும் காளிமுத்துவைப் பார்த்தார்கள். அவர் என்னைக் காட்டினார். "இவன் சொல்லாமக் கொள்ளாமப் போற பய. ஆனா திருட மாட்டான், அது நெசம்."

"பக்தி உண்டா?" என்று மதர் கேட்டார்.

"பூசைக்காகப் படத்த நிப்பாட்டுன குடும்பம், மதர்" என்றார் சிஸ்டர் பெர்னதெத்.

அன்று மத்தியானத்துக்குள் ஏழெட்டு பெண்கள் மாடியில் பெட்டியைப் பிரித்துவிட்டார்கள். ஜன்னல் கம்பியில் சீப்பும் பவுடர் டின்னும் ஏறின. மதர் அன்றிரவு அங்கே தங்கிவிட்டுத்தான் போவதாக இருந்தார். மடத்தை மூட வந்தவர், குளியலறைக்கு வரிசையில் நின்று குளித்தார்.

திங்கட்கிழமை

மறுநாள் இருட்டோடு எழுந்தேன். கையில் துணி சுற்றியபடி, சிஸ்டர் ஆக்னஸ் கொடுத்த டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டில் நின்றேன். அதுதான் வேலை. கடல் பக்கமிருந்து ஈரக் காற்று வந்தது. பெண்கள் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, கொட்டாவி விட்டபடி ஒவ்வொருவராக வந்தார்கள். பஸ்சின் விளக்கு தெரிந்ததும் டோர்ச்சை ஆட்டினேன். நின்றது.

கடைசியாக சிஸ்டர் பெர்னதெத் ஓடிவந்தார், கையில் தீர்த்தச் செம்போடு. முதல் நாள் அல்லவா, பஸ்சை மந்திரிக்க வேண்டுமாம். பெண்கள் ஏறியதும் அவரும் ஏறி, ஒவ்வொரு இருக்கையாகத் தெளித்துக்கொண்டே பின்னால் போனார். உள்ளே சிரிப்பும் கூச்சலும். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். வெள்ளை உடுப்பு, தலையில் வெள்ளை, எல்லாம் ஏறிவிட்டது. கதவை மூடி, பஸ்சை எடுத்தார்.

நான் கொஞ்ச தூரம் ஓடினேன். டோர்ச்சை ஆட்டினேன். பின்கண்ணாடியில் சிஸ்டர் தெரிந்தார், செல்விக்குப் பக்கத்தில், ஜன்னலோரம். இறங்க வேண்டும் என்று அவர் யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. எனக்குக் கையசைத்தார்.

திரும்பி வந்தபோது மதர் ஜெபப் புத்தகத்தோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"பெர்னதெத் எங்கே? ஜெபத்துக்கு நேரமாகிறது."

"வேலைக்குப் போயிருக்காங்க, மதர்" என்றேன்.